கடைமடைக்கு எட்டாத மின்சாரம்

உங்களிடம் பழைய கையடக்க மின்னணு விளையாட்டுக் கருவி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேம் பாய் அட்வான்ஸ் என்பது அதன் பெயர். அண்ணன் விளையாடிய பின் பல ஆண்டுகள் பரண்மேல் கிடந்தது. தூசி தட்டி இரண்டு பென்டார்ச் மின்கலங்களைப் போட்டதும் ஓடத் தொடங்குகிறது. ஆனால் திரை மிகவும் மங்கல். சன்னலோரம் உட்கார்ந்து சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரிகிறது. எனவே தானே ஒளி வீசும் புதிய திரை ஒன்றை வாங்கிப் பழைய திரையின் இடத்தில் பொருத்துகிறீர்கள். திருகுகளை முடுக்கிவிட்டு ஆவலோடு சுவிட்சைத் தள்ளுகிறீர்கள். கருவியில் உயிர் இல்லை! அல்லது, விளக்கு ஒரு கணம் மின்னிவிட்டு அணைந்துபோகிறது.

ஓடிக்கொண்டிருந்த பொருளை நாமே கெடுத்துவிட்டோமே என்று மனம் பதைக்கும். இத்தகைய வேளையில் நாம் செய்யக்கூடிய தவறுகள் இரண்டு. ஒன்று, கருவியைக் குப்பையில் போடுவது. மற்றொன்று, சூட்டுக்கோலை எடுத்துக் கண்ட இடங்களில் எல்லாம் ஈயப் பற்று வைப்பது. முதல் தவறு உயிருள்ள கருவியைப் பிணமென்று முடிவு கட்டுகிறது. இரண்டாவது தவறு அதை உண்மையிலேயே கொன்றுவிடுகிறது.

இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டுமானால் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். இந்தக் கருவியை ஆக்கியவர்கள் அதை ஏன் விளக்கில்லாமல் ஆக்கினார்கள்? அவர்கள் அறியாமலா விட்டுவிட்டார்கள்? விடை காண, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஒளியும் மின்கலமும்

1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ‘ஆட்டோ ரேஸ்’ என்ற கையடக்க விளையாட்டை வெளியிட்டது. கணிப்பானுக்கென்று ஆக்கிய சில்லை அடிப்படையாகக் கொண்டது அது. அதன் நிரல் முழுவதும் 512 பைட்டுக்குள் அடங்கியது. திரையில் ஓடிய மோட்டார் கார் என்பது வெறும் சிவப்புக் கோடு. ஒளியுமிழ் டையோடு ஒன்றின் வெளிச்சம், அவ்வளவே. இந்த டையோடுகள் தாமே ஒளி தருபவை. ஒளி தரும் எதுவும் மின்கலத்தைத் தின்னும். டார்ச் விளக்கை எரியவிட்டு மறந்து தூங்கியவர்களுக்கு இது தெரிந்த செய்திதான்.

இதற்கு மாற்றாக வந்தது திரவப் படிகம். ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர் 1888 இல் இதைக் கண்டார். கேரட்டிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு அவர் உண்டாக்கிய சேர்மம் இருமுறை உருகியது! 145.5 பாகை செல்சியசில் கலங்கிய நீர்மம், 178.5 பாகையில் தெளிந்த நீர்மம். இடைப்பட்ட அந்தக் கலங்கிய நிலையே திரவப் படிக நிலை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆய்வுக்கூட வேடிக்கையாக இருந்த இப்பொருளைக் கொண்டு 1968 இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் படம் காட்டும் பலகை செய்தனர். 1970களின் தொடக்கத்தில் இன்னும் சிக்கனமான முறை ஒன்று பிறந்தது. ஷார்ப் நிறுவனம் 1973 இல் திரவப் படிகத் திரையுள்ள கணிப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

திரவப் படிகம் தானாக ஒளி தருவதில்லை. வெளியிலிருந்து வரும் ஒளியை விடுவதும் தடுப்பதுமே அதன் வேலை. விளக்கை ஏற்ற வேண்டியவன் வேறு, சன்னல் கதவைத் திறந்து மூடுபவன் வேறு அல்லவா? கதவைத் திறந்து மூட அதிக வலு வேண்டாம். எனவே இத்திரைக்கு மிகச் சிறிய மின்னாற்றலே போதும். ஆனால் இருட்டறையில் கதவைத் திறந்து என்ன பயன்? மின்கலம் நீடிக்க வேண்டுமானால் ஒளியை இழக்க வேண்டும். ஒளி வேண்டுமானால் மின்கலத்தை இழக்க வேண்டும். கையடக்கக் கருவிகளின் வரலாறு முழுவதையும் நடத்திச் சென்றது இந்தப் பேரமே.

பழுது பார்க்க வந்தவர்

இந்தப் பேரத்தை நன்கு புரிந்துகொண்டவர் குன்பெய் யொகோய் என்ற ஜப்பானியப் பொறியாளர். 1941 இல் பிறந்த அவர், 1965 இல் கியோட்டோ நகரின் நிண்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நாளில் அது விளையாட்டுச் சீட்டுகளைச் செய்துவந்த நிறுவனம். சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிப்பதே அவருக்குக் கிடைத்த வேலை. ஓய்வு நேரத்தில் அவர் செய்த, நீண்டு சுருங்கும் கை போன்ற பொம்மை ஒன்று நிறுவனத் தலைவரின் கண்ணில் பட்டது. 1966 இல் அது விற்பனைக்கு வந்து பெரும் வெற்றி பெற்றது. பழுது பார்க்க வந்தவர் பொம்மை படைப்பவர் ஆனார்.

புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடக்கூடாது, நன்கு பழகி விலை மலிந்துவிட்டதைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. கணிப்பான்களின் திரை மலிந்துவிட்ட 1980 ஆம் ஆண்டில், பொத்தான் மின்கலத்தில் ஓடும் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்ற சிறு கருவிகளை அவர் வெளியிட்டார். 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் கேம் பாய் வெளிவந்தது. நான்கு பென்டார்ச் மின்கலங்கள், குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள் கொண்ட திரை, நான்கே சாயல்கள். வண்ணமும் இல்லை, விளக்கும் இல்லை.

அதே 1989 இல் அடாரி நிறுவனம் ‘லிங்க்ஸ்’ என்ற கருவியை விளக்குடன் கூடிய வண்ணத் திரையோடு கொண்டுவந்தது. 1990 இல் சேகா நிறுவனத்தின் ‘கேம் கியர்’ வந்தது. அதன் திரைக்குப் பின்னே சிறிய குழல் விளக்கே எரிந்தது. கண்ணுக்கு இவை விருந்து. ஆனால் ஆறு மின்கலங்களை விழுங்கிவிட்டு நாலைந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டன. மங்கலான கேம் பாயோ நான்கு மின்கலங்களில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. முடிவு என்ன? கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்துக்கும் மேல் விற்றன. மற்ற இரண்டும் அதன் அருகில்கூட வர இயலவில்லை.

ஒளியின் விலை என்ன என்பதை நிண்டெண்டோவின் இன்னொரு கருவி துல்லியமாகக் காட்டியது. 1998 இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்த ‘கேம் பாய் லைட்’ கருவியில் விளக்கை ஏற்றவும் அணைக்கவும் வசதி இருந்தது. அணைத்து வைத்தால் சுமார் 20 மணி நேரம். ஏற்றினால் சுமார் 12 மணி நேரம். யொகோய் 1996 இல் நிண்டெண்டோவை விட்டு விலகினார். 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார். அவர் பங்களித்த கடைசிக் கருவியான ‘வொண்டர்ஸ்வான்’ 1999 இல் பண்டாய் நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தது. அது ஒரே ஒரு பென்டார்ச் மின்கலத்தில் ஓடியது!

இருட்டுக்கு எதிராக

2001 மார்ச் 21 அன்று வந்தது கேம் பாய் அட்வான்ஸ். வண்ணத் திரை, முன்னைவிட வேகமான மூளை, இரண்டே மின்கலங்களில் சுமார் 15 மணி நேர ஓட்டம். ஆனால் இதிலும் விளக்கு இல்லை. வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த ஆண்டே ‘ஆஃப்டர்பர்னர்’ என்ற பெயரில் அமெரிக்காவிலிருந்து ஒரு துணைப்பொருள் வந்தது. கருவியைத் திறந்து, உறையின் உட்புறப் பிளாஸ்டிக்கைச் செதுக்கி, திரையின் முன்புறம் ஒளி பரப்பும் தகட்டைப் பொருத்தி, இரு கம்பிகளை மின்பலகையில் பற்றவைக்க வேண்டும். அதுவரை வாங்கியதை வாங்கியபடி வைத்திருந்தவர்கள் பலர், அன்றுதான் முதன்முதலில் சூட்டுக்கோலைக் கையில் எடுத்தார்கள்.

2003 இல் நிண்டெண்டோவே முன்விளக்குள்ள ‘எஸ்.பி.’ வடிவத்தை வெளியிட்டது. அதில் பென்டார்ச் மின்கலங்கள் இல்லை. மீண்டும் மின்னேற்றத்தக்க லித்தியம் அயனி மின்கலம் இருந்தது. விளக்கைச் சேர்த்தவர்கள் மின்கலத்தையும் மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருபக்கம் மட்டும் மாற்றினால் பேரம் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். நாமோ இன்று பழைய கருவியில் புதிய திரையை மட்டும் மாட்டுகிறோம். மின்கலங்கள் அதே இரண்டு. சுவிட்ச் இருபது ஆண்டுப் பழையது. சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

கடைமடையில் நடப்பது என்ன?

வாய்க்கால் பாசனம் உங்களுக்குத் தெரியும். தலைமடையில் தண்ணீர் நிறைந்திருக்கும். வாய்க்காலில் புல்லும் சேறும் மண்டியிருந்தால், சிறிது நீர் பாயும்போது குறை தெரியாது. நிறைய நீர் வேண்டும்போதுதான் கடைமடை வயல் காய்வது தெரியும். ஊரில் பம்பு செட்டுகள் எல்லாம் ஓடும்போது கோடி வீட்டுக் குழல் விளக்கு எரியாமல் மினுக்குவதும் இதே கதைதான்.

கருவியின் சுவிட்சுக்குள் சிறிய உலோகத் தொடுமுனைகள் உள்ளன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின்மீது மெல்லிய ஆக்சைடுப் படலம் படிகிறது. அதனால் 2 ஓம் தடை உண்டானதாகக் கணக்கிடுவோம். பழைய திரையோடு கருவி 100 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் எடுத்தால், ஓமின் விதிப்படி சுவிட்சில் இழப்பு 0.2 வோல்ட். மின்கலங்களின் 3 வோல்ட்டில் 2.8 வோல்ட் உள்ளே சென்று சேரும், கருவி ஓடும். புதிய திரையோடு 300 மில்லி ஆம்பியர் தேவை என்றால், அதே சுவிட்சில் இழப்பு 0.6 வோல்ட். உள்ளே சேர்வது 2.4 வோல்ட்தான். மின்கலங்கள் பாதி தீர்ந்து 2.5 வோல்ட் தருபவையானால் மிஞ்சுவது 1.9 வோல்ட்!

துன்பம் இதோடு முடியவில்லை. உள்ளே இருக்கும் மின்னழுத்த மாற்றி, வருகிற மின்னழுத்தத்தை உயர்த்தி 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று சில்லுகளுக்கு வழங்குகிறது. வரும் மின்னழுத்தம் குறைந்தால் அது அதே அளவு ஆற்றலைத் தர வேண்டி, மேலும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் கூடினால் சுவிட்சில் இழப்பும் கூடும். மரத்திலிருந்து விழுந்தவனை மாடு முட்டிய கதைதான். மின்னழுத்தம் சரிந்து விழ, கருவி அணைந்துவிடும். விளக்கு ஒரு கணம் மின்னி மறைவதன் காரணம் இதுவே.

எனவே, திரையை மாற்றியதும் கருவி ஓடவில்லை என்றால் நீங்கள் எதையோ எரித்துவிட்டீர்கள் என்று பொருள் அல்ல. முன்பே இருந்த குறை, கூடுதல் சுமையால் வெளிப்பட்டிருக்கலாம்.

மின்சாரத்தின் வழியே நடந்து செல்லுங்கள்

இனி குறையைத் தேடுவோம். ஒரு மல்டிமீட்டர் போதும். மின்கலத்திலிருந்து தொடங்கி, மின்சாரம் செல்லும் வழியிலேயே நாமும் செல்ல வேண்டும். இடையில் தாவக் கூடாது.

முதலில் மின்கலங்கள். புதிய அல்கலைன் மின்கலங்களையே போடுங்கள். மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் வகை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், சோதனைக்கு அது ஏற்றதல்ல. தொடுமுனைகளில் வெண்மையான அல்லது பச்சையான படிவு இருந்தால், அது பழைய மின்கலம் கசிந்ததன் அடையாளம். கசிந்தது காரப் பொருள் ஆதலால், தொடுமுனையைச் சில துளி வினிகரால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து உலர விடுங்கள்.

இரண்டாவது, உறை. புதிய உறை போட்டிருந்தால் அதன் பிளாஸ்டிக் பொத்தான் உள்ளே இருக்கும் சுவிட்சை முழுதாகத் தள்ளுகிறதா? உறையைக் கழற்றி, பலகையில் உள்ள சுவிட்சை விரலால் நேரடியாகத் தள்ளிப் பாருங்கள். குறை இவ்வளவு எளிதாக முடிந்த கருவிகள் பல.

மூன்றாவது, பியூஸ். பலகையில் அரிசி மணியைவிடச் சிறிதாக இருக்கும். பக்கத்தில் எப்1 என்ற குறி அச்சிட்டிருக்கும். மின்கலங்களை எடுத்துவிட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையே தொடர்ச்சி உள்ளதா என்று பாருங்கள். மின்கலம் இருக்கும்போதே பற்றவைத்தவர்களுக்கு இது பெரும்பாலும் அறுந்திருக்கும். வீட்டு பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். அதே அளவுள்ள பியூசைத்தான் மாற்ற வேண்டும். பியூஸ் அறுந்தது நோய் அல்ல, நோயின் அறிகுறி.

நான்காவது, குறுக்குச்சுற்று. மின்கலங்கள் இல்லாத நிலையில், சுவிட்சைத் தள்ளி வைத்து, மின்கலப் பெட்டியின் நேர், எதிர் முனைகளுக்கிடையே தடையை அளவிடுங்கள். சுழியத்தை ஒட்டி நின்றால் எங்கோ வழி மாறுகிறது. ஈயம் பக்கத்துப் புள்ளிக்கு வழிந்திருக்கலாம். புதிய திரையின் பின்புற உலோகம் பலகையைத் தொட்டிருக்கலாம். தொடும் இடத்தில் வெப்பம் தாங்கும் காப்பு நாடாவை ஒட்டினால் போதும்.

ஐந்தாவது, திரையின் நாடாவடம். கேம் பாய் அட்வான்ஸ் பலகைகளில் 32 முனை, 40 முனை என்று இரு வகைகள் உண்டு. உங்கள் பலகைக்கு உரிய வடத்தைத்தான் மாட்டினீர்களா? சந்தேகம் தீர ஒரு சோதனை: திரையைக் கழற்றிவிட்டு, விளையாட்டு அட்டையும் இல்லாமல் சுவிட்சைத் தள்ளுங்கள். வழக்கமான தொடக்க ஒலி கேட்டால் கருவி உயிரோடு இருக்கிறது. குறை திரையின் பக்கம். இந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

கடைசியாக, நாம் கணக்குப் போட்ட சுவிட்ச். திரையை மாட்டி, சுவிட்சைத் தள்ளிய நிலையில், மல்டிமீட்டரின் ஒரு முள்ளைச் சுவிட்சுக்குள் மின்சாரம் நுழையும் புள்ளியிலும், மற்றதை வெளிவரும் புள்ளியிலும் வையுங்கள். நல்ல சுவிட்சில் ஏறத்தாழ சுழியமே காட்டும். அரை வோல்ட் காட்டினால் திருடன் அகப்பட்டான்! மின்கலங்களை எடுத்துவிட்டு, சுவிட்சின் இடுக்கில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில துளிகள் விட்டு, நாற்பது ஐம்பது முறை முன்னும் பின்னும் தள்ளுங்கள். உலர்ந்த பின் மீண்டும் அளவிடுங்கள். இழப்பு குறையவில்லை என்றால் மட்டும் புதிய சுவிட்சைப் பற்றவைக்கலாம். சூட்டுக்கோல் வரவேண்டிய இடம் இதுதான், தொடக்கம் அல்ல. அதிகச் சூடு பலகையின் தாமிரத் தடத்தைப் பெயர்த்துவிடும்.

சில எச்சரிக்கைகள். லித்தியம் அயனி மின்கலம் உப்பியிருந்தால் அதைத் தொடாமல் வேலையை நிறுத்துங்கள். கேம் கியர் போன்ற குழல் விளக்குக் கருவிகளில் விளக்குச் சுற்றில் பல நூறு வோல்ட் உண்டாகும்; ஓடும்போது உள்ளே கை வைக்கக் கூடாது. அக்கருவியில் மின்தேக்கிகளை மாற்றிய பின் உயிர் வரவில்லை என்றால், நேர், எதிர் முனைகள் தலைகீழாகிவிட்டனவா என்று முதலில் பாருங்கள். மற்றொன்று நிலைமின்சாரம். 1979 இல் வந்த ‘மைக்ரோவிஷன்’ கருவியில் மூளைச் சில்லு மாற்றத்தக்க அட்டைக்குள்ளேயே இருந்தது. விரலிலிருந்து தாவிய நிலைமின்சாரம் அதைக் கெடுத்ததுண்டு. பலகையைத் தொடும் முன், தரையோடு இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வாருங்கள்.

வரலாறு தரும் பாடம்

வளைகுடாப் போரில் கருகி, உறை உருகிய கேம் பாய் ஒன்று நியூயார்க் நகரில் நிண்டெண்டோவின் கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அந்த நிலையிலும் அது ஓடிக்கொண்டிருந்தது! இக்கருவிகள் நாம் அஞ்சுவதைவிட உறுதியானவை. குறைந்த மின்சாரத்தில், எளிய உறுப்புகளைக் கொண்டு வாழும்படி அவற்றை ஆக்கியிருக்கிறார்கள்.

ஒளியைத் துறந்து நீண்ட ஆயுளைப் பெற்றது அந்தக் கருவி. நீங்கள் அதற்கு ஒளியைத் திருப்பிக் கொடுத்தீர்கள். அதில் தவறில்லை. ஆனால் பழைய பேரத்தில் ஒரு பக்கத்தைக் கூட்டினால், மறுபக்கம் அதைத் தாங்குமா என்று பார்ப்பதும் மாற்றியவரின் கடமை. எந்தக் கருவியை மாற்றியமைத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இது முன்பு எவ்வளவு மின்னோட்டம் எடுத்தது, இனி எவ்வளவு எடுக்கும், அது வருகிற வழி அதைத் தாங்குமா?

அடுத்த முறை சுவிட்சைத் தள்ளியும் கருவி விழிக்கவில்லை என்றால் பதற வேண்டாம். மல்டிமீட்டரை எடுத்து மின்கலத்தின் அருகில் வையுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு மடையாக நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நின்றுபோயிற்று என்பது தெரிந்துவிடும்.